நிற்கத் தெரியாத படகு

ரங்கநாயகி இந்த வாரமும் கொள்ளு வறுக்கவில்லை.

கொச்சிக்குப் போகிற வெள்ளிக்கிழமை என்றால் விடிந்ததும் அந்த வீட்டு அடுப்பில் இரும்பு வாணலி ஏறிவிடும். கொள்ளு, வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை. அலை ஆட்டுகிற ஆட்டத்தில் படகில் குழம்பு வைக்க முடியாது. சோறு மட்டும் வடித்து, பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து தின்றுவிடலாம். வறுக்கிற வாசனை பக்கத்துத் தெரு வரைக்கும் போகும். "ராமுலண்ணன் ஊட்டுல கப்பலுக்குக் கெளம்பீட்டாங்க" என்பார்கள். அது கப்பல் இல்லை, பாய்மரப் படகு. பெரியநாயக்கன்பாளையத்தில் யாருக்கும் அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

இந்த வருடம் தென்மேற்கு மழை ஓய்ந்து, கடல் அடங்கி, புரட்டாசியும் பாதி போய்விட்டது. வாணலி சுவரில் ஆணியிலேயே தொங்கியது.

ராமுலு கன்மெட்டல் உருக்கி வார்க்கிற ஃபவுண்டரி வைத்திருப்பவர். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர்தான் முக்கியமான வார்ப்பு. கொச்சியில் ஒரு படகுப் பட்டறைக்கும் சில்லறை வார்ப்புகள் அனுப்பி வந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் வயதாகி விட்டுப் போன படகு கிடந்தது. பார்க்கப் போனவர் வாங்கிவிட்டார். ஃபவுண்டரியை மகன் தேஜாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மாதம் இரண்டு தடவை காரில் வாளையாறு தாண்டிப் போய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ரங்கநாயகி ராமுலுவை விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். இஞ்சினும் சுக்கானும் அவள் பொறுப்பு. கயிறும் பாயும் அவர் பொறுப்பு.

குளிர்காலத்தில் கரையோரமாகவே கோவா வரை போய் வருவது என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு ஒரு தடங்கல் இருந்தது. படகுக்கு அடியில் இருந்த பழைய ப்ரொப்பெல்லர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. மருமகள் சாய்ப்ரியா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு என்னதானுங்க மாமா கேடு? நல்லாத்தான ஓடுது?"

ராமுலு இரண்டு கரண்டிகளை எடுத்துக்கொண்டார்.

"கேளு கண்ணு. இப்ப இருக்கறதுக்கு மூணு எறக்கை. அசையாது. இஞ்சின் ஓடறப்ப நல்லாத் தள்ளும். இஞ்சின நிறுத்திப்போட்டு, பாய ஏத்திக் காத்துல போறமுன்னு வெய்யி. அந்த மூணு எறக்கையும் தண்ணிக்குள்ள குறுக்க நிக்கும். சைக்கிள்ல பின்னாடி உக்காந்தவன் கால ரோட்டுல தேச்சுக்கிட்டே வந்தா எப்படி? அப்படி. இந்த வேகத்துல போனா, பொழுதோட அடுத்த துறைக்குப் போயிச் சேர முடியாது."

"அப்பறம்?"

"அதுக்குத்தான் மடங்கற ப்ரொப்பெல்லர்." கரண்டிகளின் காம்பைச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் விரித்துக் காட்டினார். "இஞ்சின் சுத்துனா வீசி விரியும். நின்னா, தண்ணியே தள்ளி மடக்கிப்போடும். குடையாட்ட."

ரசச் சட்டியோடு வந்த ரங்கநாயகி நின்றாள்.

"அந்தக் குடைய ரிவர்ஸ்ல சுத்துனா என்னாகுமுன்னும் சொல்லுங்க."

"அதுக்கும் விரியும்."

"எவ்வளவு விரியும்?"

"சித்தே கம்மியா விரியும்."

"பாத்தியா சாய்ப்ரியா. கார்ல பிரேக் இருக்குது. உன்ற ஸ்கூட்டில பிரேக் இருக்குது. படகுல ஏது? ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்தோணும். படகக் கட்டற ஜெட்டிக்குக் கிட்ட வாரப்ப உங்க மாமா படகு மூக்குல கயித்தப் புடிச்சுட்டுச் சாமியாட்ட நின்னுக்குவாரு. கியர் என்ற கையில. நிக்காமப் போயி முட்டுச்சுன்னா எல்லாரும் யாரப் பாப்பாங்க?"

"உங்களத்தானுங்கத்தை."

"அதான். அதுக்குத் திருப்பிக்கற ப்ரொப்பெல்லர்னு ஒண்ணு இருக்குது. பாத்ரூம் ஜன்னல்ல கண்ணாடிப் பட்டை இருக்குதல்லோ, அதாட்ட. பாயில போறப்ப எறக்கை மூணும் திரும்பிக் கத்தியாட்ட நிக்கும். தண்ணிய மறிக்காது. ரிவர்ஸ் போட்டா அப்படியே மறுபக்கம் திரும்பிக்கும். முன்னாடி எப்படித் தள்ளுதோ, பின்னாடியும் அப்படியே இழுக்கும்."

"உள்ள பூராப் பல்லுச்சக்கரம்" என்றார் ராமுலு. "வருசா வருசம் கிரீஸ் வெக்கோணும். அதுவும் கப்பல்ல வரோணும். மடங்கறதுன்னா ரெண்டு எறக்கை, நடுவுல ஒரு ஹப்பு, ஒரு பின்னு. நம்ம ஃபவுண்டரிலயே ஊத்திப்போடலாம். கோயமுத்தூர்க்காரன் சீமையில போயி ப்ரொப்பெல்லர் வாங்குனான்னா, கேக்கறவன் எதுல சிரிப்பான்?"

"வாயிலதான்."

சாய்ப்ரியா சிரிப்பை அடக்க ரசத்தைக் குடித்தாள். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. சண்டை மட்டும் தமிழில் நடக்கும். தெலுங்கில் சண்டை போட்டால் செத்துப்போன மாமியார் ஞாபகம் வருகிறது என்று ரங்கநாயகி ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லிப்போடறேன்" என்றாள். "நிக்கத் தெரியாத படகுல நான் கோவாவுக்கு வர மாட்டேனுங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

"வேற ஆளக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு நான் பஸ்ஸுலயே போயிருவேன்."

அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் விஷயம் எல்லோருக்கும் தெரியும். ராமுலுவின் முழங்கால் சரியில்லை; தனியாகப் போகக்கூடாது என்று தேஜா கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கொச்சியில் ஒரு ஹோட்டல்காரர் அந்தப் படகைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் அதைத் தூக்கி வைத்து, உள்ளே மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறப் போகிறாராம். இந்தப் பருவத்தில் ரங்கநாயகி வரவில்லை என்றால் ராமுலு படகைக் கொடுத்துவிடுவார். அவரே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆனாலும் ஃபவுண்டரியில், வார்ப்பு மண்ணில் பதிக்கிற மரப்பேட்டன் செதுக்க ஆரம்பித்தார்.

பாலமலைப் பக்கம் தினமும் மேகம் இறங்கியது. மத்தியானம் ஆனால் மழை. தார்ப்பாய் போட்டு மூடியும் வார்ப்பு மண் ஈரம் குடித்தது. மோல்டர் கதிரேசன் ஒரு கை மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, உடைத்துப் பார்த்து, மறுபடியும் கொட்டினார்.

"இந்த மண்ணுல ஊத்துனா ஆவி கட்டி ஓட்டை ஓட்டையா ஊது விழுகுமுங்க. ரெண்டு நாள் காயட்டும்."

"காயட்டும் கதிரேசா. அவசரமில்ல."

"அவசரமில்லாமயா நாலு தடவ வந்து பாக்கறீங்க?"

பேட்டனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார் கதிரேசன். ஒரே ஒரு இறக்கைதான். அதை வைத்தே இரண்டு வார்த்துக்கொள்ளலாம்.

"இது எந்தப் பக்கம் சுத்தோணுமுங்க?"

ராமுலு கொச்சிக்குப் போன் போட்டார். பட்டறையைப் பார்த்துக்கொள்பவன் அமீர் ஹம்சா. பொள்ளாச்சியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். ஷாஃப்ட்டு அளவு, இறக்கை நீளம் எல்லாம் சொன்னவன், "க்ளாக்வைஸ் சார்" என்றான்.

"க்ளாக்வைஸ்" என்றார் ராமுலு கதிரேசனிடம்.

கதிரேசன் தலையாட்டினார். அந்த வட்டாரத்தில் இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மோட்டார் பக்கம் நின்று பம்பைப் பார்த்தால் கடிகார முள் சுற்றுகிற பக்கம். அவர்கள் கையால் வார்த்த அத்தனை இம்பெல்லரும் அப்படிப் பார்த்துத்தான் வார்த்தது. பம்பு உடம்பில் சுற்றுகிற பக்கத்தைக் காட்ட ஒரு அம்புக்குறி எழும்பி நிற்குமே, அதையும் அப்படி நின்றுதான் வைப்பார்கள். ப்ரொப்பெல்லர் ஹப்பிலும் ராமுலு ஒரு அம்புக்குறி வைத்தார். பழக்கம்.

மண் காய்ந்தது. ஊற்றினார்கள். மறுநாள் பெட்டியை உடைத்து எடுத்தபோது ஊது இல்லை, கீறல் இல்லை. அறுத்து, ராவி, துலாக்கட்டையில் வைத்தபோது இரண்டு இறக்கையும் ஒரே எடை. பின்னு மாட்டியதும் கதவுக் கீல் மாதிரி சத்தமில்லாமல் மடங்கி விரிந்தது. ஆயுத பூஜைக்குக் கடைசல் இயந்திரத்தின் மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி போட்டுக் கும்பிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தார்கள்.

பூஜை முடிந்த மறுநாள், பம்பு சோதிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஒரு மோட்டாரைப் படுக்க வைத்துக் கட்டி ப்ரொப்பெல்லரை மாட்டி ஓட்டினார்கள். மோட்டார் அம்புக்குறிப் பக்கமே சுற்றியது. இறக்கை விரிந்தது. தண்ணீர் எதிர்ச் சுவரில் மோதி ஏறி வெளியே கொட்டியது. கதிரேசனின் வேட்டி நனைந்தது.

"இது படகத் தள்ளாதுங்க" என்றார் அவர். "ஊரையே தள்ளீரும்."

ரங்கநாயகியும் வந்து பார்த்தாள். பல வருடம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பம்பையும் ஓட்டிப் பார்த்து அனுப்பியவள். கையைத் தண்ணீரில் விட்டுத் தள்ளுகிற பலத்தைப் பார்த்தாள்.

"முன்னாடி நல்லாத் தள்ளுது" என்றாள்.

"பின்ன?"

"பின்னாடியும் ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

"அதெல்லாம் கடல்ல பாத்துக்கலாம் அம்மணி. ஓட்டிப் பாக்கறதுக்காவது வாரயா?"

அவள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஓட்டிப் பாக்க வாரேன். கோவாவுக்கு வாரேன்னு சொல்லுல."

கொச்சிக்குப் போகிற அந்த வெள்ளிக்கிழமையும் கொள்ளு வறுபடவில்லை. வழியில் கஞ்சிக்கோட்டில் இட்லி வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே அமீர் ஹம்சாவின் ஆட்கள் படகைக் கரையேற்றிப் புதியதை மாட்டித் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார்கள். மடங்கிக் கிடக்கிறபோது அது மொட்டு மாதிரி இருந்ததாம். எந்தப் பக்கம் சுற்றும் என்று இறக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹப்பில் இருந்த அம்புக்குறியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

"அடிபொளி வேலை சார்" என்றான் ஹம்சா. "வெளிநாட்டுச் சாமான் தோத்துப்போகும்."

ராமுலு பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று இல்லை. காயல் தண்ணீர் அசையாமல் எண்ணெய் மாதிரி கிடந்தது. அவர்கள் படகுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், ஒரு சுற்றுலாப் படகு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்; எல்லோரும் ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள்.

ராமுலு முன்பக்கக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றார். ஹம்சா ஜெட்டியில் பின்பக்கக் கயிற்றை விட்டான். ரங்கநாயகி கியர்த் தடியை முன்னால் தள்ளினாள்.

படகு மெதுவாகப் பின்னால் போனது.

"முன்னாடி, ரங்கா!"

"முன்னாடிதானுங்க போட்டிருக்கறேன்!"

"நீரோட்டமா இருக்கும், எச்சாக் குடு!"

அவள் இஞ்சினை முடுக்கினாள். படகு இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போனது. ஜெட்டியில் ஹம்சா கையை ஆட்டிக் கத்தினான். ராமுலு முன்னால் இருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடிவரப் பார்த்தார். சுற்றுலாப் படகில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள்.

ரங்கநாயகி தடியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். இஞ்சின் இரைச்சல் தணிந்தது. முன்னால் போடும்போது பின்னால் போகிறது. அதுவும் சொங்கித்தனமாகப் போகிறது. தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்த காலத்தில் இதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மோட்டார் ஓடும். தண்ணீர் மட்டும் பூனை ஒன்றுக்கு இருக்கிற மாதிரி வரும். ஒயர்மேன் ஃபேஸை மாற்றிக் கொடுத்திருப்பான், இம்பெல்லர் தலைகீழாகச் சுற்றும். இரண்டு ஒயரைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். தோட்டத்தில் கிணறு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இதைச் செய்வார்கள்.

அவள் தடியைப் பின்னால் இழுத்தாள்.

"ஐயோ, ரிவர்ஸ் போடறா! ரங்கா! பைத்தியமாடி உனக்கு!"

கீழே 'டப்' என்று இறக்கை விரிகிற சத்தம் கேட்டது. படகு நின்றது. பிறகு முன்னால் நகர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ராமுலு அப்படியே படகுத் தளத்தில் உட்கார்ந்துவிட்டார். காயலில் பெரிய வட்டம் ஒன்று அடித்தார்கள். ரிவர்ஸ் கியரில் படகு அருமையாக முன்னால் போனது. ஜெட்டிக்குத் திரும்பி வருகிறபோது ரங்கநாயகி சொன்னாள்.

"இப்ப நிறுத்தோணும். பாத்துக்கங்க."

தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தாள். ஜெட்டி பக்கத்தில் வந்ததும் தடியை முன்னால் தள்ளி முடுக்கினாள். கீழே இறக்கை விரிவதும் மடங்குவதுமாகத் தடதடவென்று அடித்துக்கொண்டது. படகு நிற்கவில்லை. ராமுலு வீசிய கயிற்றை ஹம்சா பிடித்து இரும்புக் குத்தியில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். மூக்கு ஜெட்டி டயரில் போய் இடித்தது. அலமாரிக்குள் இருந்த டம்ளர்கள் எல்லாம் விழுந்தன.

இஞ்சினை நிறுத்தினாள்.

"அம்புக்குறி எங்க நின்னு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எங்க நின்னுன்னா? மோட்டார் பக்கம் நின்னுதான். வேற எங்க நிப்பாங்க?"

கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஹம்சா நிமிர்ந்தான். "சார், படகுக்கு அது இல்லையே. பின்னாடி நின்னு மூக்கப் பாத்துத்தான் க்ளாக்வைஸ். எல்லாருக்கும் அப்படித்தான்."

"நீ சொல்லவே இல்லையேப்பா."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

ராமுலு ஜெட்டியில் இறங்கி, படகின் பின்பக்கம் போய் நின்று தண்ணீரைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

காரில் ஊருக்குத் திரும்பினார்கள். வாளையாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ராமுலு வைப்பரைப் போட்டார்.

"பேட்டன மாத்திச் செதுக்கி ஊத்துனா சரியாப் போயிருமுங்கறேன்."

"எது சரியாப் போகும்?"

"சுத்தறது."

"சுத்தறது சரியாப் போகுமுங்க. நிக்கறது?"

முன்னால் ஒரு லாரி. அவர் அதைத் தாண்டப் பார்த்து, எதிரே பஸ் வர, பிரேக்கை அழுத்தினார். கார் நின்றது.

"இப்ப நின்னுதல்லோ" என்றாள் ரங்கநாயகி. "அதத்தான் நான் கேக்கறேன். உங்க வார்ப்புல ஒரு கொறை இல்ல. என்ற கைக்கு அது ஆகல. அவ்வளவுதான். ஹோட்டல்காரனுக்குக் குடுக்கறதுன்னா குடுத்துப்போடுங்க. எனக்கு வருத்தமில்லைன்னு சொல்ல மாட்டேன்."

கோயமுத்தூருக்குக் கிட்டே வந்ததும் மழை விட்டது. வைப்பரை நிறுத்தினார்.

"அங்க பிள்ளைக கை தட்டுச்சுக" என்றார் ராமுலு. "எனக்குத் தட்டுல. உனக்குத்தான் தட்டுச்சுக."

"கேட்டுதுங்க."

மறுநாள் ஹம்சா ஃபோனில் கேட்டான், ஹோட்டல்காரருக்கு என்ன சொல்வது என்று. ஆகட்டும், பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னார். தேஜாவைக் கூப்பிட்டு, திருப்பிக்கற ப்ரொப்பெல்லர் ஒன்றுக்கு எழுதிப்போடு என்றார். தேஜா எதுவும் கேட்காமல் எழுதிப்போட்டான். ஹம்சா கழற்றி அனுப்பிய மடங்கும் ப்ரொப்பெல்லர் லாரியில் ஃபவுண்டரிக்கு வந்தது. கதிரேசன் அதை ஒருமுறை மடக்கி விரித்தார்.

"இத என்னங்க பண்றது?"

"கன்மெட்டல்தான. உலையில போடு."

அடுத்த வாரம் வார்த்த இம்பெல்லர்களில் அதுவும் கலந்து போனது.

ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் முடிந்தன. மார்கழிக் குளிரில் ஒரு நாள் காலை, கப்பலில் வந்த பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பிரித்தார்கள். பளபளவென்று மூன்று தட்டை இறக்கைகள், ஹப்பு, கூம்பு மாதிரிப் பல்லுச்சக்கரங்கள், ஒரு கிரீஸ் குழாய், ஒரு சின்னப் புத்தகம். ராமுலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். ஊது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சாய்ப்ரியா புத்தகத்தைப் படித்துச் சொன்னாள்.

"மாமா, இது ரெண்டு பக்கமும் சுத்தற மாதிரி வெச்சுக்கலாமாமுங்க. எறக்கை தட்டைங்கறதால, நாம எப்படிக் கோக்கறமோ அந்தப் பக்கம் சுத்துமாம்."

"அப்படியா?"

"அப்படித்தான் போட்டிருக்குதுங்க. 'எந்தப் பக்கம்னு நல்லா உறுதி பண்ணீட்டுக் கோக்கவும்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறாங்க."

"அவனுகளுக்கு எப்படிடா தெரிஞ்சுது என்னைப் பத்தி" என்றார்.

பல்லுச்சக்கரங்களில் எழுத்துகள் பொறித்திருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து இறக்கைகளைக் கோத்தார். வெகு நேரம் ஆனது. கடைசித் திருகை முடுக்கிவிட்டு, ஷாஃப்ட்டு நுழைகிற ஓட்டைப் பக்கமாக உட்கார்ந்து கையால் சுற்றிப் பார்த்தார். கடிகார முள் சுற்றுகிற பக்கமே சுற்றியது. இறக்கைகள் சாய்ந்து நின்றன. திருப்தியாகத் துணியால் துடைத்தார்.

ரங்கநாயகி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

"சொல்லு."

"எங்க உக்காந்து பாக்கறீங்க?"

ராமுலு துணியைக் கீழே வைத்தார். தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தார். ஷாஃப்ட்டு ஓட்டை தன் பக்கம். இஞ்சின் இருக்கிற பக்கம்.

சாய்ப்ரியா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். முழங்கால் சொடக்கிட்டது. நாற்காலியைத் தள்ளி, மெதுவாக மேசையைச் சுற்றி நடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று குனிந்து பார்த்தார். கையால் சுற்றினார்; இங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றியது. பிறகு திருப்புளியை எடுத்து, கடைசியாக முடுக்கிய திருகை முதலில் கழற்ற ஆரம்பித்தார்.

சமையலறையில் ஆணியில் இருந்து வாணலியை எடுக்கிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கொள்ளு வெடிக்கத் தொடங்கியது.